எதிரில் ஒரு நாற்காலி

நாற்காலியைத் துடைத்தாயிற்று. மேசையின் அந்தப் பக்கம் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தாயிற்று. இனி அன்றைய முதல் மறுப்பைத் திறக்கலாம். திரையில் இருப்பதைப் படித்துவிட்டு, எதிரே ஆளில்லாத நாற்காலியைப் பார்த்து அக்கா சொல்கிறார்: "உங்களுக்கு வீடு இல்லங்க. போன வீட்ட எங்களுக்குத் தெரியாம உள்வாடகைக்கு விட்டுட்டீங்க, அதான்." நாக்குத் தடுக்காமல் வந்துவிட்டால் பொத்தானை அழுத்துவார். தடுக்கினால் அழுத்த மாட்டார். ஃபோனை எடுத்து அந்த ஆளையே கூப்பிட்டுக் கேட்பார்.

அலுவலகத்தில் அவருக்கு ‘நோ அக்கா’ என்று பெயர். வீடுகளை வாடகைக்கு விடும் கம்பெனி அது. விண்ணப்பங்களைப் படித்து யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்று சொல்வது ஒரு மிஷின். செயற்கை நுண்ணறிவுச் சட்டம் வந்து, மிஷின் ‘இல்லை’ என்றால் அதை ஒரு மனிதர் பார்த்து, காரணம் எழுதி, தன் பெயரைப் போட வேண்டும் என்றது. யார் பெயரைப் போடுவது? படித்த பிள்ளைகள் எல்லாம் நழுவிவிட்டார்கள். வரவேற்பு மேசையில் பதினாலு வருஷம் இருந்த அக்காவை மேனேஜர் கூப்பிட்டார். "முகத்துக்கு நேரா இல்லன்னு சொல்லிப் பழகினவங்க இங்க நீங்க ஒருத்தர்தான்."

சரி, முகத்துக்கு நேராகத்தானே சொல்ல வேண்டும் என்று அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தண்ணீர் எதற்கு என்று கேட்டால், "கேக்கறவங்களுக்குத் தொண்ட காஞ்சிடும்ல" என்பார். மதியம் அதை அவரே குடித்துவிடுவார், வீணாக்க மனசு வராது. பஸ் ஓட்டும் கணவருக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. "ஊர் பேர் தெரியாதவனுக்கு இல்லன்னு சொல்ல இவ்வளவு யோசிக்கிற. எனக்குச் சொல்றப்ப மட்டும் பட்டுனு வருது."

ஆனால் இப்படி ஒவ்வொருவராக உட்கார வைத்தால் வேலை எங்கே நகரும்? திங்கட்கிழமை மேனேஜர் வந்து நின்றபோது இருநூற்றுப் பதினாலு மறுப்புகள் தேங்கிக் கிடந்தன. அந்தச் சட்டப்படி அரசாங்க ஆய்வு வியாழக்கிழமை.

"அக்கா, எல்லாத்தையும் மொத்தமா டிக் பண்ணிட்டு ஒரே அழுத்து. ரெண்டு நிமிஷ வேலை. பாக்கி இருந்துச்சுன்னா இந்த வேலையை வெளிய குடுத்துடுவோம்னு மேல சொல்றாங்க. அப்புறம் உங்களை எங்க வெக்கிறது?"

"இருநூத்திப் பதினாலு பேரையும் ஒரே நாற்காலில எப்படி சார் உக்கார வெக்கிறது?"

வீறாப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, இந்த வேலை போனால் வேறு போக்கிடம் இல்லை. வரவேற்பு மேசைக்குத் திரும்பவும் வழியில்லை. அங்கே இப்போது ஒரு தொடுதிரை நிற்கிறது. ஆனாலும் மூன்று நாளும் ஒவ்வொருவராகத்தான் பார்த்தார். வியாழன் காலையில் நூற்று நாற்பது பேர் மிச்சம்.

ஆய்வுக்கு வந்த அம்மாள் அந்த எண்ணைப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டார். மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

"மிஷின் இல்லன்னு சொன்னதை நீங்க மாத்துனது எத்தனை?"

"முப்பத்தொண்ணு மேடம்" என்றார் அக்கா, திருட்டை ஒத்துக்கொள்பவர் மாதிரி.

"நான் போன இடத்துல எல்லாம் இந்தக் கட்டத்துல சைபர்தான் இருந்துச்சு. அதுல ஒண்ணை மட்டும் சொல்லுங்க, ஏன் மாத்துனீங்க?"

"நாலு வருஷத்துல ஆறு வீடு மாறினவர் மேடம். நிலையில்லாத ஆளுன்னு மிஷின் சொல்லிடுச்சு. எனக்கு வாய் வரல, கூப்பிட்டுக் கேட்டேன். பாலம் கட்டற வேலையாம். ஒண்ணு முடிஞ்சா அடுத்த பாலம் எங்கயோ, அங்க போகணும். பொண்ணு ஸ்கூல்ல சேர்ந்துட்டா, இனிமே நான் மட்டும் போயிட்டு வரேன், பொண்டாட்டிக்கும் பொண்ணுக்கும் ஒரு இடம் வேணும்னாரு. அவரைப் போய் எப்படி?"

அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதில் அதுவரை நிஜ ஆள் யாரும் உட்கார்ந்ததில்லை. அவர் ஒன்றும் அறியாமல் டம்ளரை எடுத்துத் தண்ணீரையும் குடித்தார்.

அறிக்கை சாயந்திரமே வந்தது. தாமதம் தவறுதான், ஆனால் மொத்தமாக அழுத்தக் கூடாது, இன்னொரு ஆளைப் போட வேண்டும், ஆள் கிடைக்கும்வரை பாதியை மேனேஜரே பார்க்க வேண்டும். அக்காவின் வேலைக்கு ஆபத்தில்லை. கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் தன் கண்ணாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா ஓரக்கண்ணால் பார்த்தார். அவர் திரையைப் படித்தார். பொத்தானுக்குப் போன கை நின்றது. எழுந்து, சுவரோரம் கிடந்த நாற்காலியை மேசைக்கு எதிரே இழுத்துப் போட்டார். யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை நோட்டம் விட்டார். பிறகு அவர் உதடு அசைந்தது.

அக்கா எழுந்தார். ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து, கதவைத் தள்ளிக்கொண்டு போய், நாற்காலி இருந்த பக்கமாக வைத்துவிட்டு வந்தார்.