ஸ்னோவில எங்கட ஸ்போர்ட்ஸ் கார்

இண்டைக்கு விடிய லண்டன் ஹரோவில நல்ல ஸ்னோ. எனக்கு ஆஸ்பத்திரியில காலை ஷிப்ட். பஸ்ஸில போறன் எண்டன். என்ர மனுசன் கேக்கேல்லை. ஐம்பது வயசில ஆசைப்பட்டு வாங்கின ஸ்போர்ட்ஸ் காரில கொண்டுபோய் விடுறன் எண்டு நிண்டார்.

எங்கட ரோட்டு ஏத்தத்தில கார் நிண்டிட்டுது. பின் சில்லு ரெண்டும் நிண்ட இடத்திலயே சுத்துது. பின்பக்கம் மெல்ல மெல்லப் பக்கத்து வீட்டு மதிலை நோக்கி வழுக்குது.

"இந்தக் காரைப் பின் சில்லுதான் தள்ளும். பின்னால பாரம் காணாது" எண்டார்.

வீட்டுக்கு ஓடிப்போய் ரெண்டு அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து டிக்கியில வைச்சார்.

"இப்ப ஏறும், பாரும்."

ஏறினது. வழி முழுக்க ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சபடி ஓட்டினார். பத்து நிமிசம் பிந்தினாலும் பத்திரமாக் கொண்டுவந்து விட்டிட்டார்.

தேத்தண்ணி நேரம் போன் எடுத்தன்.

"வீட்டை போய்ச் சேர்ந்திட்டீங்களோ?"

"ஓம், பஸ்ஸில வந்திட்டன். இந்த ஸ்னோவில திருப்பி ஓட்ட மனம் வரேல்லை, கார் உம்மட ஆஸ்பத்திரியடியிலதான் நிக்குது."

"அப்ப நான் பின்னேரம் என்னெண்டு வாறது?"

"தனிய வரவேண்டாம். உம்மைக் கூட்டிக்கொண்டு வர நான் பஸ்ஸில வாறன்."

பஸ்ஸில வந்து பஸ்ஸிலயே கூட்டிக்கொண்டு போற ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் உங்கட வீட்டிலயும் ஆரும் இருக்கினமோ?