ரிக்‌ஷாவில் போன நடை

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவள். என் தவற்றைப் பலர் முன் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வரும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்தே போய்ப் படியேற வேண்டும் என்று நானும் பக்கத்து வீட்டு மங்களமும் முடிவு செய்தோம். இருவருக்குமே அறுபதைத் தாண்டிய முழங்கால். ஆகவே முதல் மாதம் பாலம் வரை, அடுத்த மாதம் சந்தை கூடும் பசார் வரை, பிறகு மலையடி வரை என்று பிரித்துக்கொண்டோம். அவள் விடியற்காலையில் நடப்பாள். நான் சமையலை முடித்துவிட்டுத் தனியாகப் போவேன்.

பசார் வரை என்னால் முடியவில்லை. பாதி வழியில் ரிக்‌ஷா ஏறிவிட்டேன். ஆனால் மாலையில் குழாயடியில் மங்களத்திடம், "பசார் என்ன, மலையடியையே தொட்டுட்டு வந்துட்டேன்" என்று அளந்தேன்.

"அடேங்கப்பா! எனக்குப் பாலம் தாண்டினாலே மூச்சு வாங்குது. இருங்க அக்கா, நான் மட்டும் இளைச்சவளா? நாளைக்குப் பாருங்க" என்றாள்.

மறுநாள் பசாரைத் தாண்டியதும் மயங்கி விழுந்துவிட்டாள். மாட்டுவண்டிக்காரர் ஒருவர்தான் ஏற்றிவந்தார். நெற்றியெல்லாம் ரத்தம். கண் திறந்ததும், "உங்களை மாதிரி முடியலையே அக்கா" என்றாள்.

அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவள், "அப்போ முருகன்கிட்ட அந்த ரிக்‌ஷாக்காரனுக்குத்தான் புண்ணியம்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை.

இந்த வருஷம் மலையேற மாட்டோம். அடுத்த வருஷம் பார்க்கலாம். இப்போது இருவரும் சேர்ந்தே நடக்கிறோம். கால் வலித்தால், "முடியல மங்களம்" என்று நான்தான் முதலில் சொல்லி உட்காருகிறேன்.