டயரின் உள்பக்கம்

டயருக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் உண்டு என்று ஐம்பது வயது தாண்டியும் நம்பிக்கொண்டிருந்த ஆள் நான். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. சொந்த முயற்சியில் அடைந்த ஞானம்.

இதில் கூடுதல் கேவலம் என்னவென்றால், நாகர்கோவிலில் நான் நடத்துவது பாத்திரக் கடை. வாங்க வருகிற பெண்கள் வெளியே மின்னுவதை ஒரு பார்வையோடு விட்டுவிட்டு, பாத்திரத்துக்குள் கையை விட்டு அடிவரை தடவிப் பார்ப்பார்கள். அதைத் தினமும் கல்லாவில் உட்கார்ந்து பார்க்கிற நான்தான், ஞாயிறுதோறும் ஆராதனைக்குக் கிளம்புமுன் ஸ்பாஞ்சில் கறுப்புப் பாலீஷ் தொட்டு டயர்களின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, புத்தம் புதுசு என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வண்டி வெளிநாட்டு வண்டி, ஆனால் பழையது. வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவர் கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு விற்றார். ஏன் விற்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஏன் வாங்குகிறீர்கள் என்று அவரும் கேட்கவில்லை. இரண்டு டன்னுக்கு மேல் கனம். சாதாரண ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகளின் மேல் உட்கார்ந்திருக்கும்; சாலையில் மிதந்து போகும். ராத்திரி நிறுத்தி வைத்தால் காலையில் முன்பக்கம் தாழ்ந்து, தரையை முகர்ந்துகொண்டு நிற்கும். இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தாழ்ந்திருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள், "சாரே, வண்டிக்கு என்ன கேடு?" என்றார்.

"சபைக்குப் போற வண்டியில்லியா? முழங்கால் போடப் படிச்சிருக்கு" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஸ்டார்ட் செய்ததும் வண்டி பெருமூச்சு விட்டபடி எழும்பியது. முழுவதுமாக எழும்பவில்லை என்பதை அப்போது கவனித்திருக்கலாம். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் பழி சுமக்க ஆரல்வாய்மொழிக் காற்று இருக்கிறது. கணவாய் வழியாக அது வீசுகிற மாதங்களில் லாரியையே ஒதுக்கித் தள்ளும். "காத்தாக்கும்" என்று மனைவியிடம் சொன்னேன். காற்று அடங்கிய மாதங்களிலும் அதையே சொன்னேன். அப்புறம் ஒரு சத்தம். தூரத்தில் தேன்கூடு கலைந்ததுபோல, அடியிலிருந்து ஓர் இரைச்சல். வேகம் கூடினால் அதுவும் கூடும். நான் பாட்டின் ஒலியைக் கூட்டி வைத்தேன். அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

இந்த நிலையில்தான் மைத்துனன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மைத்துனன் என் மனைவியின் தம்பி. குலசேகரத்துக்குப் பக்கத்தில் வீடும் கொஞ்சம் ரப்பர் தோட்டமும் வைத்திருக்கிறான். மகள் மஸ்கட்டில் நர்ஸ், விபத்துப் பிரிவில் வேலை. கல்யாணம் இரணியல் பக்கம், மாப்பிள்ளை வீட்டுச் சபையில். பெண் என் வண்டியில் வந்துதான் சபை வாசலில் இறங்க வேண்டும், ஓட்டுவதும் நானாகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரிடமும் நானே சொல்லி, நானே சம்மதித்திருந்தேன். வண்டிக்கு மாலை கட்டத் தோவாளையில் பூவும் சொல்லியாயிற்று. கடைக்கு வந்தவர்கள் கரண்டி வாங்கினாலும் இந்தச் செய்தியையும் சேர்த்துத்தான் வாங்கிப் போனார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் தக்கலையில் தைக்கக் கொடுத்த துணி வாங்க வேண்டியிருந்தது. கல்யாணப் பெண் முன்சீட்டில், மனைவி பின்னால். வாங்கிக்கொண்டு திரும்பும்போது சாலை பாசனச் சானல்கரையை ஒட்டி வந்தது. இடப்பக்கம் சானல், நிறைய தண்ணீர், நிதானமாக, கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

"மாமா, இது என்ன எரைச்சலு?" என்றாள் பெண்.

"கனமுள்ள வண்டியாக்கும் மக்கா. யானை நடந்தா சத்தம் கேக்காதா?"

"யானை நடந்தா சத்தமே கேக்காது மாமா."

பின்னாலிருந்து மனைவி சொன்னாள்: "இனி காத்துண்ணு சொல்லுவாரு, பாத்துக்க."

அதைத்தான் சொல்ல வாயைத் திறந்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். வலப்பக்கமும் சானலுக்கு அக்கரையிலும் ரப்பர் மரங்கள் வரிசையாக நின்றன. ஓர் இலை அசையவில்லை. வண்டி மட்டும் இடப்பக்கமாக, சானலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. நான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினேன்.

பயந்தவன் மெதுவாக ஓட்டுவான். நான் பயந்ததை மறைக்க வேண்டியவன். ஆகவே ஆக்சிலேட்டரை அழுத்தினேன். இரைச்சல் பாட்டைத் தாண்டி எழும்பியது. பெண் சீட் பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்தாள். பிறகு பின்னால் திரும்பி, "மாமி, நீங்களும் பெல்ட்டு போடுங்க" என்றாள். விபத்துப் பிரிவில் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான், கொஞ்சம் பயந்த சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

குலசேகரத்து வீட்டு முற்றத்தில் மைத்துனன் ரப்பர் ஷீட் அடித்துக்கொண்டிருந்தான். மகளுக்குக் கல்யாணம் என்று ரப்பர் பால் காத்திருக்காது. ஆசிட் ஊற்றி உறையவைத்த பாலை டிஷ்ஷிலிருந்து கவிழ்த்து, கையால் அமுக்கி, ரோலரில் கொடுக்குமுன் தரையில் பரப்பியிருந்தான். வெள்ளை வெளேரென்று, கட்டித் தயிர்போல மெத்தென்று இருக்கும். பந்தல்காலைத் தவிர்க்க நான் ஒடித்த ஒடிப்பில் இடது முன்சக்கரம் அதில் ஒன்றின் மேல் ஏறி இறங்கியது. பிரேக் போட்டேன்.

மைத்துனன் இடுப்பில் கைவைத்து நின்றான். "அத்தான், ஷீட்டு அடிக்க இஞ்ச மிஷின் கெடக்கு. ஒங்க வண்டிய ஆரு கூப்பிட்டா?"

"வெளிநாட்டு டிசைனாக்கும் மாப்ள. வெலை கூட்டிச் சொல்லு."

பந்தல் போட வந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே அதை எடுக்கக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

"அத்தான், இஞ்ச வாருங்க."

குரல் மாறியிருந்தது. போய்ப் பார்த்தேன். வெள்ளையில் டயரின் தடம் விழுந்திருந்தது. வெளிப்பாதியில் கட்டங்களும் கோடுகளும் அச்சு எடுத்ததுபோல அவ்வளவு அழகு. நான் பாலீஷ் போட்டதற்குப் பலன். உள்பாதியில் ஒன்றுமில்லை. கையால் வழித்துவிட்டதுபோல மழமழவென்று கிடந்தது. அந்த மழமழப்பின் ஓரத்தில் நெடுக, தேங்காய்த் துருவியை இழுத்ததுபோலக் கீறல். கீறலின் நடுவில் தலைமுடி கனத்தில் ஒரு கம்பித்துண்டு குத்தி நின்றது.

மைத்துனன் அதை இரண்டு விரலால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தான். எடையே இல்லை. ஆனால் கையை மூட எனக்குத் தைரியம் வரவில்லை.

பெண் வந்து முற்றத்து மண்ணிலேயே படுத்து, போனைச் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிப் படம் எடுத்தாள். எழுந்து எல்லோருக்கும் காட்டினாள். நான் ஒருநாளும் பார்க்காத பக்கம். ரப்பர் உரிந்து, அடியில் பின்னிக் கிடந்த கம்பிகள் முறிந்து வெளியே எட்டிப் பார்த்தன. வலப்பக்கச் சக்கரத்திலும் அதே கதை, கொஞ்சம் குறைவாக. காற்றுப் பை கசிந்ததால் முன்பக்கம் தாழ்ந்து, சக்கரங்கள் தலையை உள்ளே சாய்த்து, அத்தனை கனத்தையும் டயரின் உள்விளிம்பில் போட்டே ஓடியிருக்கின்றன என்று பின்னால் ஒர்க்‌ஷாப்பில் விளக்கினார்கள். முழங்கால் போட்டதல்ல.

"எந்த நேரமும் டயரு பொட்டி வெடிச்சிருக்கும்" என்றாள் பெண். மனைவி திண்ணையில் உட்கார்ந்து, மடியில் இருந்த தையல்துணிப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் போனை எடுத்தேன். நாகர்கோவிலில் அந்த அளவு டயர் இல்லை. மார்த்தாண்டத்தில் அளவைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். திருவனந்தபுரத்தில், கொச்சியிலிருந்து வரவேண்டும், கல்யாணம் கழிந்துதான் கிடைக்கும் என்றார்கள். பின்டயரை முன்னால் மாட்டலாமா என்றால் அது அகலம் கூடியது, சேராது. டிக்கியில் கிடந்த ஸ்டெப்னியோ ஸ்கூட்டருக்கு அண்ணன்போல ஒல்லியாக இருந்தது.

மைத்துனன் ரோலர் பக்கம் போய்விட்டான். கைப்பிடி சுற்றுகிற சத்தம் கேட்டது. மற்ற ஷீட்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். தடம் விழுந்ததை மட்டும் தொடவில்லை.

அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் மனிதன். ஆனால் சபை வாசலில் கூட்டம் நிற்பதும், என் வண்டி வந்து நிற்பதும், நான் இறங்கிப் போய்க் கதவைத் திறப்பதும் எனக்குள் பல வாரமாக ஓடிக்கொண்டிருந்த காட்சி. அதை நிறுத்த ஸ்விட்ச் கிடைக்கவில்லை.

பெண் உடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "மக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா? பாதி டயரு புத்தம் புதுசு. நாளைக்கு நாப்பதுக்கு மேல போவ மாட்டேன். இரணியலு எம்புட்டு தூரம்? மெள்ள உருட்டிக்கிட்டே போயிரலாம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். உயிர் பிழைப்பாரா மாட்டாரா என்று கேட்கிற சொந்தக்காரர்களை அவள் வார்டில் இப்படித்தான் பார்ப்பாள்போல.

"மாமா சின்ன வயசுலேருந்து ஒன்னைய எத்தன எடத்துக்குக் கொண்டு போயிருக்கேன்? எம்மேல ஒனக்கு நம்பிக்கை இல்லியா?"

அவள் கையை நீட்டினாள்.

"சாவிய இஞ்ச தாருங்க, மாமா."