ஏற்காட்டில் புகையைப் பாதியாக்கிய கூட்டம்

ஏற்காடு போகிறவர்கள் என்னிடம் ஏரியைப் பற்றியும் காட்சிமுனைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். எனக்கோ அந்த மலை என்றாலே முதலில் வருவது கோபம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி, ஒரு மே மாதம். சேலத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்தேன். விறகுப் புகையைக் குறைக்க மலையில் ஊராட்சி ஒன்றியக் கூட்டம் கூடி இலக்கு வைக்கப்போகிறது, பொதுமக்களும் வரலாம் என்று கேள்விப்பட்டேன். பூமி சூடாவதைப் பற்றி வகுப்பில் தொண்டை வறளப் பேசுகிறவன் நான். பள்ளி விடுமுறைதான், பெருமையோடு கிளம்பிவிட்டேன்.

சேலத்திலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். (வயிறு புரட்டும் ஆசாமி என்றால் சாப்பிடாமல் ஏறுங்கள்.)

கூட்டத்தில் ஒன்றியத் தலைவர் தீர்மானத்தைப் படித்தார். ஐந்து வருடத்தில் மலையில் விறகு எரிப்பது பாதியாகும். காட்டில் விறகு பொறுக்க அன்று முதலே தடை. எல்லோரும் கை தட்டினார்கள், நானும்தான். அப்போது வாழவந்திப் பக்கத்து உறுப்பினர் ராசம்மாள் எழுந்தார். எஸ்டேட்டில் கூலி வேலை பார்ப்பவர்.

“ஏனுங்க தலைவரே, லாட்ஜுல சுடுதண்ணிக்கு எரிக்கறாங்களே, அதுவும் பாதியாகுமுங்களா?”

“அது தொழிலுங்க. டூரிஸ்ட்டு வரோணுமில்லீங்களா? இது ஊட்டு அடுப்புக்கு மட்டுந்தானுங்க.”

“அப்ப எங்களுக்கு கேஸ் அடுப்பு குடுப்பீங்களா?”

“அதுக்கு நிதி இல்லீங்க.”

“பின்ன, பாதிச் சோத்தப் பச்சையாத் திங்கறதுங்களா?”

கூட்டம் சிரித்தது. எனக்குக் காது கொதித்தது. “எந்த அடுப்புல எவ்வளவு எரியுதுன்னு யாராவது அளந்தீங்களா?” என்று எழுந்து கேட்டேன்.

“வெளியூர்க்காரரு உக்காருங்க” என்றார் தலைவர். ராசம்மாளைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள், தீர்மானம் நிறைவேறியது.

மத்தியானம் ராசம்மாளோடு வாழவந்தி பஸ்ஸில் ஏறினேன். வழியில் வனக்காவலர் ஒருவர் ஒரு பெண்ணின் சுள்ளிக்கட்டை ரோட்டில் இறக்கி வைத்து மிரட்டிக்கொண்டிருந்தார். ஐந்து வருட இலக்கு அதற்குள் ஆளைப் பிடித்துவிட்டது! ராசம்மாள் பஸ்ஸை நிறுத்தி இறங்கினார். நானும் இறங்கினேன்.

“தீர்மானம் போட்டுட்டாங்களாமுங்க. நான் என்னங்க பண்றது?” என்றார் காவலர்.

ராசம்மாள் முந்தானையைச் சும்மாடாகச் சுற்றி, கட்டைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். “மெம்பரே சொமக்கறேனுங்க. கேஸை எம்மேல எழுதுங்க. லாட்ஜுக்குப் போற விறகு லாரியையும் சேத்து எழுதுங்க.”

காவலர் ஒதுங்கி வழிவிட்டார். கண்டக்டர் கூப்பிட்டும் ராசம்மாள் பஸ்ஸில் ஏறவில்லை. “நடந்தே போறனுங்க. நாலு பேரு பாக்கட்டும்.”

அடுத்த கூட்டத்தன்று வாழவந்தி, மாரமங்கலம் பெண்கள் சுள்ளிக்கட்டுகளோடு வந்து வாசலை மறித்தார்கள் என்று பிறகு தெரிந்தது. காய்ந்த சுள்ளி பொறுக்கலாம் என்று தடையைத் தளர்த்தினார்களாம். லாட்ஜ் பாய்லர்களை மட்டும் கடைசிவரை யாரும் தொடவில்லை. இன்றைக்கும் எந்த ஊராவது புகைக்கு இலக்கு அறிவித்தால், முதலில் அணையப்போவது யார் அடுப்பு என்றுதான் பார்க்கிறேன்.

போகிறவர்களுக்கு: மே மாதத்தில் அறை கிடைப்பது கஷ்டம், முன்பே சொல்லி வையுங்கள். மாலை பஸ்ஸைத் தவறவிடாதீர்கள். அறையில் சுடுதண்ணீர் எதில் காய்கிறது என்று கேளுங்கள். விறகில்தான் என்றால் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள். ஏற்காட்டு மே மாதக் குளிருக்கு யாரும் செத்ததில்லை.