எஸ்தர் கேட்ட இடம்

போன ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தேன். கடைக்காரர் ஐஸ் பாரை உடைத்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் தெர்மோகோல் பெட்டியில்தான் வரும். அன்றைக்கு என்னவோ பழைய மாதிரி மரத்தூளில் பொதிந்து வந்திருந்தது. நனைந்த மரத்தூளின் புளித்த வாசனை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். “ஏனுங்க அக்கா, மத்தி போடட்டுங்களா?” என்று அவர் கேட்டது எங்கோ தூரத்தில் கேட்டது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன். வீட்டில் இவர் பையை எட்டிப் பார்த்தார். ரசம் வைக்கிறேன் என்றேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் செய்தவர், பையை மடித்து வைத்துவிட்டுப் புளியை எடுத்து ஊறப்போட்டார்.

அந்த வாசனையோடு நான் ஒரு பிற்பகலும் ஓர் இரவும் பயணம் போயிருக்கிறேன். அதைச் சொல்ல எஸ்தரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

கோயமுத்தூர்ப் பக்கம், நெருப்பெரிச்சலுக்கு வடக்கே எங்கள் ஊர். கல்யாணத்துக்கு முன்பு பக்கத்து பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனேன். துணியில் ஓட்டை, எண்ணெய்க்கறை பார்த்து ஒதுக்குகிற வேலை. எனக்கு அது வரவே இல்லை. பாதி ஓட்டைகளைத் தாராளமாக மன்னித்து அனுப்பிவிடுவேன். அடுத்த இருக்கையில் இருந்த எஸ்தர் சத்தமில்லாமல் அவற்றை இழுத்துத் தன் பக்கம் போட்டுக்கொள்வாள். “யக்கா, இது வழியா கையே போவுதே, உங்களுக்குக் கண்ணு தெரியலியா?” என்பாள். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். புருஷன் அருள் சாயப்பட்டறையில் வேலை. ஒரே மகள், பியூலா, அப்போது நாலு வயது. ஊர்க் கோடியில் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் தெற்கத்தி ஜனங்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அதில் ஒரு வீடு இவர்களுடையது. மாலையில் பியூலா கம்பெனி வாசலில் வந்து நிற்பாள். என்னைச் சித்தி என்பாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து ‘ஏனுங்க, வாங்க’ என்று பேசக் கற்றிருந்தாள். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் தெற்கத்திப் பேச்சு. இரண்டையும் எப்படித்தான் குழப்பாமல் வைத்திருந்தாளோ.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று வந்ததும் என் சின்னம்மா ருக்குமணியை நிறுத்தினார்கள். ஜெயித்ததும் சித்தப்பாதான் தலைவர் மாதிரி வெள்ளை வேட்டியில் திரிந்தார். முதல் கிராம சபைக் கூட்டத்தில் அவர் எழுந்து தொண்டையைச் செருமினார். “நீங்க உக்காருங்க. நானே பேசிக்கறனுங்க” என்றார் சின்னம்மா. மைதானமே சிரித்தது. சித்தப்பா உட்கார்ந்தவர் அந்த ஐந்து வருஷமும் எழுந்திருக்கவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் ஜமுக்காளம் விரிப்பதும் டீ ஊற்றுவதும் என் பொறுப்பு. அதனால் அன்று பேசியதெல்லாம் என் காதில் விழுந்தது. சின்னம்மா கேட்ட கேள்வி எங்களுக்குப் புதிது. “இந்த வருசத்துக்கு என்ன வேணும்னு மட்டும் சொல்லாதீங்க. நம்ம குழந்தைங்க பெருசாகறப்ப இந்த ஊரு எப்புடி இருக்கோணும்? அதைச் சொல்லுங்க. வரவு இவ்வளவுதான், எதை முன்னால செய்யறது, எதைப் பின்னால செய்யறதுன்னு அல்லாருமே சேர்ந்து முடிவு பண்ணலாம்.”

 ஒருவர் தார்ரோடு என்றார். இன்னொருவர் தண்ணீர்த் தொட்டி. ஒரு பெண் தெருவிளக்கு. லைன் வீட்டு ஜனங்கள் வேப்பமரத்தடியில் தனியாக நின்றிருந்தார்கள். சின்னம்மாதான் அவர்களைப் பார்த்து, “நீங்களும் இந்த ஊர்தானுங்க. சொல்லுங்க” என்றார்.

எஸ்தர் பியூலாவை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு முன்னால் வந்தாள். “ரோடு, வெளக்கு எல்லாம் இவிய சொல்லிட்டாவ. நான் வேற ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதிய. நாங்க செத்தா எங்க வைக்கது?”

ஊர்ச் சுடுகாட்டில் ஒவ்வொரு சாதிக்கும் ஓர் எல்லை உண்டு. டவுனில் இருந்த கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் அந்தத் தேவாலயச் சபையில் பேர் இருக்கிறவர்களுக்குத்தான் இடம். பிழைக்க வந்தவர்களுக்கு இரண்டிலும் இடமில்லை. இதை நாங்கள் யாரும் அதுவரை யோசித்ததே இல்லை.

“நல்ல காரியம் பேசறப்ப இது எதுக்குங்க அம்மிணி?” என்றார் பெரியவர் ராமசாமி. “உங்குளுக்குன்னு ஒரு ஊரு இருக்குதில்லீங்க? நல்லது கெட்டதுன்னா அங்க போய்க்கலாமே.”

“அது எங்க அப்பா ஊரு, அய்யா. எம்பிள்ளை பொறந்தது இங்கதான. அவளுக்கு இதுதான ஊரு?”

பியூலா எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பாப்பா சொன்னாச் சரிதான்” என்றார். ஓடைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்த புறம்போக்கில் அரை ஏக்கர் கொடுப்பதாகத் தீர்மானமாயிற்று. அன்று லைன் வீட்டுப் பெண்கள் கையைத் தட்டிய சத்தம் இருக்கிறதே, சாவுக்கு இடம் கிடைத்ததற்கு இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்தேன். எனக்கு அப்போது என்ன தெரியும்?

அடுத்த கூட்டத்தில் வரவு செலவு பேசினார்கள். எல்லாவற்றுக்கும் வரவு போதவில்லை. தண்ணீர்த் தொட்டி முதலில், ரோடு அடுத்து. முள்ளை வெட்டி, அளந்து, எல்லைக்கல் நடுவதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளலாமா என்று சின்னம்மா தயங்கித் தயங்கி எஸ்தரிடமே கேட்டார்.

“அதுக்கென்னம்மா, தண்ணிதான முக்கியம்? இப்பம் யாரு சாவப் போறாவ!” என்றாள் எஸ்தர்.

எல்லோரும் சிரித்தோம்.

ஐப்பசி மழையில் பியூலாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். பிறகு வலிப்பு. கோயமுத்தூருக்குக் கொண்டு போனார்கள். அங்கே போன மூன்றாம் நாள் காலையில் பிள்ளை போய்விட்டாள்.

லைன் வீட்டுக்குக் கொண்டு வந்து கிடத்தியிருந்தார்கள். சின்னம்மா மழையில் நனைந்துகொண்டே வந்தார். “தீர்மானம் போட்டாச்சு. கல்லு நடாட்டி என்ன, அங்கயே வெச்சரலாம். நான் பதில் சொல்லிக்கறேன்” என்று ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு பள்ளத்தைத் தாண்டினார். புறம்போக்கை ஒட்டித் தோட்டம் வைத்திருந்தவர் குடையோடு வழியில் நின்றார். கெட்ட மனிதரில்லை, எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வந்து போகிறவர்தான்.

“தப்பா நெனைக்காதீங்க. அளந்தாங்களா? எது என்ற நெலம், எது புறம்போக்குன்னு ஆருக்குத் தெரியும்? நாளைக்கு என்ற கெணத்து மேட்டுல குழி இருக்குதுன்னா நான் என்னங்க பண்றது?”

சின்னம்மா கத்தினார். அவர் கத்தி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். தாசில்தாருக்கு ஆள் அனுப்பலாம், நாளைக்கு அளக்கலாம் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். விஷயம் எஸ்தர் காதுக்குப் போயிற்று. பியூலாவின் தலைமுடியைக் கையாலேயே கோதிக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்: “வேண்டாம்மா. சண்டை போட்டு வாங்குன எடத்துல அவ தூங்க மாட்டா. நாங்க கொண்டு போறோம்.”

ஒரு வேன் பிடித்தார்கள். மீன் லாரிகளுக்கு ஐஸ் போடுகிற இடத்திலிருந்து பாரும் மரத்தூளும் வந்தன. நானும் ஏறிக்கொண்டேன். குண்டடம் தாண்டும்போது வெயில் அடித்தது. ஐஸ் கரைந்து தண்ணீர் எங்கள் காலடியில் ஓடியது. எஸ்தர் தன் சேலைத் தலைப்பால் அதை ஒற்றி ஒற்றி வெளியே பிழிந்துகொண்டே வந்தாள். “குளுருமே அவளுக்கு” என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். விடிகிற நேரத்தில் செம்மண் காட்டுக்கு நடுவே அவர்கள் ஊர் வந்தது. அங்கே இடம் இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

திரும்பும்போது எஸ்தர் வேனில் ஏறவில்லை. “நீங்க போங்க. புள்ளையத் தனியா விட்டுட்டு எப்பிடி வர?” என்றாள். அருள் மட்டும் எங்களோடு வந்தான்.

அடுத்த கிராம சபையில் சின்னம்மா அந்த இடத்தைப் பற்றிக் கேட்டு முடிப்பதற்குள் எல்லோரும் கை தூக்கினார்கள். அன்று வழியில் நின்ற தோட்டத்துக்காரர்தான் முதலில். தன் செலவில் முள்ளை வெட்டிக் கொடுத்தார். அளந்தார்கள், கல் நட்டார்கள். எல்லாம் முடிந்ததும் சின்னம்மா, “வா கண்ணு, அந்தப் புள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துரலாம்” என்று என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

எஸ்தர் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். நன்றாக மெலிந்திருந்தாள். சின்னம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கல் நட்டதை, எல்லோரும் கை தூக்கியதை, வேப்பங்கன்று வைத்திருப்பதை ஒவ்வொன்றாகச் சொன்னார். எஸ்தர் கவனமாகக் கேட்டாள்.

“ரொம்ப நல்லதும்மா. மத்த பிள்ளையளுக்கு ஆகும்” என்றாள். பிறகு கேட்டாள், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போல: “எம்பிள்ளைய இங்கயிருந்து எடுத்து அங்க வைக்க விடுவாவளா?”

 திரும்பும்போது மதுரை வரும்வரை சின்னம்மா பஸ் ஜன்னலில் முகத்தை வைத்து அழுதுகொண்டே வந்தார்.

அருள் கொஞ்ச நாள் மாதம் ஒருமுறை ஊருக்குப் போய் வந்துகொண்டிருந்தான். ஒருமுறை போனவன் திரும்பவில்லை. சின்னம்மா பதவி முடிந்ததும் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அவர் காலமாகியும் வெகுநாளாயிற்று. லைன் வீடுகளை இடித்துக் குடோன் கட்டிவிட்டார்கள். ஊராட்சியே இப்போது இல்லை. மாநகராட்சியில் ஒரு வார்டாகிவிட்டோம். ரோடு, விளக்கு எல்லாம் வந்துவிட்டன, எங்கோ யாரோ முடிவு செய்து. குடோனுக்குப் பின்னால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் குடும்பத்தோடு இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் காலையில் என் வாசல் வழியாகத்தான் பள்ளிக்குப் போகின்றன, ‘ஏனுங்க, வாங்க’ என்று பேசிக்கொண்டு. அவர்களுடைய அம்மாக்களுக்கும் கேட்பதற்கு ஏதாவது இருக்கும். மைதானத்தில் ஜமுக்காளம் விரித்து, நீங்களும் இந்த ஊர்தான், சொல்லுங்கள் என்று அவர்களைக் கூப்பிடத்தான் யாரும் இல்லை.