இன்ஷிராஹ் சொன்ன சாட்சி

அலெக்சாந்திரியாவில், வழக்கறிஞர் லபீபிடம் இருபத்தாறு ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தேன். சாட்சிகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் என் வேலைதான். அதை நினைத்து நான் கூசிப்போனது ஒரே ஒரு வழக்கில்.

இன்ஷிராஹ் துறைமுகத்துப் பஞ்சுக் கிடங்கில் கழிவு பொறுக்குகிறவள். புருஷன் செத்தபின் நான்கு பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்த்தாள். மூத்தவன் பள்ளிக்கூட வாத்தியார். அடுத்தவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். கடைசிப் பெண் இப்திஸாமுக்கு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. மூன்றாமவன் ரஜப் இறைச்சிக் கடையில் வேலை பார்த்தான்.

ஒருநாள் வாடிக்கைக்காரர்கள் முன்னால், கூட வேலை செய்த ஃபத்ஹி அவனைப் பொட்டை என்று சொல்லி ஒரு துண்டுக் குடலை முகத்தில் எறிந்தான். எல்லாரும் சிரித்தார்கள். ரஜபும் சிரித்தான். மூன்று நாள் கழித்துக் கடைக்குப் பின்னால் வைத்து ஃபத்ஹியை ஏழு இடத்தில் குத்தினான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, எதிரே நின்ற தள்ளுவண்டியில் இரண்டு ரொட்டியும் அவரைக்கூழும் வாங்கித் தின்றான். போலீஸ் வந்தபோது மெல்லுவதை நிறுத்தவில்லை.

இது 1974இல். மூன்று நாள் காத்திருந்து செய்த கொலைக்குத் தூக்குக் கயிறுதான். ஏழு குத்தை விட அந்த ரொட்டிதான், ரஜபுக்காக வாதாடிய எங்கள் தரப்பைக் கெடுத்தது.

லபீப் மனநல மருத்துவர் ஸவ்ஸனை அமர்த்தினார். அந்த அம்மா சிறைக்கு ஆறு முறை போய் ரஜபிடம் பேசினாள். பிறகு இன்ஷிராஹைக் கூப்பிட்டு, அவன் குழந்தைப் பருவத்தைக் கேட்டாள். ரஜபுக்கு ஒரு வயது இருக்கும்போது இன்ஷிராஹுக்குக் காசநோய். ஒன்றரை ஆண்டு மருத்துவமனையில் கிடந்தாள். பிள்ளை நாத்தனார் வீட்டில். நாத்தனார் அவனைக் கட்டில் காலில் கயிற்றால் கட்டிப்போட்டு வயலுக்குப் போவாளாம். அங்கேதான் கொதிக்கும் தேநீர் தொடையில் கொட்டிப் பெரிய தழும்பானது.

"திரும்பி வந்து தூக்கினேன். கையைக் கடிச்சுட்டான், டாக்டரம்மா. நாலு வயசு வரைக்கும் என்னை உம்மான்னே கூப்பிடல" என்றாள் இன்ஷிராஹ்.

மறுநாள் மருத்துவர் எங்கள் அலுவலகத்தில் சொன்னாள்: "சின்ன வயசுல இப்படிப் பிரிஞ்சு கெடந்த பிள்ளைங்க பல பேரை சிறுவர் சிறையில பாத்திருக்கேன். அடுத்தவன் வலி இவங்களுக்கு உறைக்கிறதில்ல. அவன் ரொட்டி தின்னதுக்கு என்கிட்ட ஒரு விளக்கம் இருக்கு. இந்தப் படிப்பு இல்லேன்னா அவனை மிருகம்னு சொல்லிட்டு எல்லாரும் போயிருப்பீங்க."

"அப்ப அதையே கோர்ட்ல சொல்லுங்க."

"சொல்றேன். ஆனா அப்படிப் பிரிஞ்சவங்கள்ல முக்கால்வாசிப் பேர் யாரையும் குத்தினதில்ல. அவங்க என்னைத் தேடி வர்றதும் இல்ல. சிக்கினவனை வச்சுப் பின்னோக்கித்தான் எனக்குக் காரணம் சொல்லத் தெரியும். பத்துக் குழந்தையைக் காட்டி எது கத்தி எடுக்கும்னு கேட்டா எனக்குத் தெரியாது."

"இந்த ரெண்டாவது பாதியைக் கேட்டாத்தான் சொல்லணும்" என்றார் லபீப்.

அரசு வழக்கறிஞர் கேட்கத்தான் செய்தார். அதே வயிற்றில் பிறந்த வாத்தியார் ஏன் கொலை செய்யவில்லை என்று கேட்டார். மருத்துவர் உண்மையைச் சொன்னாள். நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அன்று மாலை லபீப் என்னைக் கூப்பிட்டார். "டாக்டரம்மா பிரிவைத்தான் சொன்னாங்க, காரணம் என்னன்னு இன்னும் கோர்ட்ல வரல. காசநோய்னா தாய் மேலதான் இரக்கம் வரும்டா, மகன் மேல வராது. அவளே வேணும்னு விட்டுட்டுப் போனதா இருக்கணும். அந்தத் தழும்பும் அவ வச்ச சூடா இருக்கணும்."

கிடங்கு வாசலில் காத்திருந்து இன்ஷிராஹிடம் சொன்னேன். தலைமுடியிலிருந்த பஞ்சுப் பிசிறைத் தட்டியபடி கேட்டாள்.

"நான் சூடு வச்சேன்னா சொல்லணும்?"

"ஆமாம்மா."

"எதால வச்சேன்னு சொல்ல?"

"கரண்டியால."

"எதுக்கு வச்சேனாம்?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. அவளே சொன்னாள்: "ராத்திரி அழுதான், தூக்கம் கெட்டுது. அப்படிச் சொல்லவா?"

கூண்டில் ஏறி அப்படியே சொன்னாள். இன்னொரு ஆண் இருந்தான், அவனோடு போனேன், பிள்ளை பாரமாக இருந்தது என்றாள். ஆண் பற்றிய பொய்யை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நீதிமன்றத்தில் யாரோ காறித் துப்பினார்கள். கம்பிக்குப் பின்னால் ரஜப் தன் தொடையைத் தடவிக்கொண்டிருந்தான்.

பதினைந்து வருடக் கடுங்காவல். கயிறு போயிற்று.

மறுநாள் பத்திரிகையில் அவள் படம், கீழே 'பெற்றவளா, பேயா?' என்று எழுத்து. கிடங்கில் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். மாப்பிள்ளை வீட்டார் மோதிரத்தைத் திருப்பி அனுப்பினார்கள். இப்திஸாம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். வாத்தியார் மகன் வந்து வாசலில் நின்றே பேசினான்: "உம்மா, நீ சொன்னது பொய்னு எனக்குத் தெரியும். ஆனா பள்ளிக்கூடத்துல யாருக்குத் தெரியும்? இனி எங்க வீட்டுப் பக்கம் வராதே."

ஃபத்ஹியின் தாயும் அதே சந்துதான். அதுவரை ரஜபைச் சபித்தவள், அதன்பின் தினமும் இன்ஷிராஹ் வாசலில் மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டினாள். "உன் மவன் என்னடி பண்ணுவான்? என் பிள்ளையைக் குத்தினது நீதான்டி!"

முதல் சந்திப்பு நாளில் இன்ஷிராஹோடு நானும் சிறைக்குப் போனேன். அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்கு நாற்பது நாள் இருந்தது. அதுவரை உண்மை வாயில் வரக்கூடாது என்று வழியெல்லாம் எச்சரித்திருந்தேன்.

கம்பிவலைக்கு அப்பால் ரஜப் கேட்டான்: "சூடு நீ வச்சதா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமாடா."

"டாக்டரம்மா சொன்னது சரிதான். இத்தனை வருஷம் எனக்கு என்ன குறைன்னு தெரியாம இருந்தேன். இனி இங்க வராதே."

நாற்பது நாள் கழிந்தது. நாற்பத்தோராம் நாள் நான் தனியாகப் போய் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். காசநோய், கட்டில் கால், தேநீர், நான் சொல்லிக் கொடுத்த கரண்டி, எல்லாம்.

"பொய்னு எனக்கும் சந்தேகம் இருந்துச்சு" என்றான்.

"அப்ப உம்மாவைப் பாருடா!"

"அவ செய்யலேன்னா, அப்புறம் எல்லாம் நான் செஞ்சதாயிடுமே, அண்ணே. அவளே செஞ்சதா இருந்துட்டுப் போகட்டும்" என்று எழுந்து போனான்.

திரும்பி வந்தபோது என் வீட்டு வாசலில் இன்ஷிராஹ் நின்றிருந்தாள். "சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

அவள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல என்னால் முடியவில்லை. "அழுதான்" என்றேன்.

அடுத்த சந்திப்பு நாளன்று அவள் திராட்சை இலையில் சோறு பொதிந்து, ஒரு சட்டி நிறைய எடுத்துக்கொண்டு போனாள். புதிய கறுப்பு முக்காடு. காலை ஏழு மணியிலிருந்து வாசலில் நின்றாள். மூன்று முறை பெயர் எழுதிக் கொடுத்தாள். சாயங்காலம் காவலன் வெறும் சட்டியோடு வந்தான்.

"சாப்பாட்டை வாங்கிக்கிட்டான். பாக்க மாட்டானாம். போம்மா, வயசான காலத்துல எதுக்கு இப்படி நிக்கிறே? பேப்பர்ல உன்னைப் பத்தி நானும் படிச்சேன்."

இதை அந்தக் காவலனே பின்னால் என்னிடம் சொன்னான். அன்றிலிருந்து இன்ஷிராஹ் என்னோடு பேசவில்லை. தெருவில் கண்டால் நடையை மாற்றிக்கொள்வாள். ஆனால் சந்திப்பு நாள் ஒன்றைக்கூட விடவில்லை. ஆறு ஆண்டுகள் சட்டி நிறைந்து உள்ளே போனது, காலியாக வெளியே வந்தது.

1980 குளிர்காலத்தில் பழைய நெஞ்சு நோய் திரும்பிச் செத்தாள். சிறைக்கு நான்தான் தகவல் எழுதினேன். அடக்கத்துக்கு விடுப்புக் கேட்கிறானா என்று கண்காணிப்பாளர் ரஜபிடம் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றானாம்.

மருத்துவர் ஸவ்ஸன் அடக்கத்துக்கு வந்திருந்தாள். பெண்கள் பக்கம் போகாமல் என்னருகே நின்றாள். "கரண்டி பொய்தானே?" என்று கேட்டாள்.

"பொய்தான், டாக்டரம்மா. எப்பத் தெரியும்?"

"அந்த அம்மா கூண்டுல சொல்லும்போதே."

மண் தள்ளி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வாத்தியார் குடை விரித்துக்கொண்டு முதல் ஆளாகப் புறப்பட்டுப் போனான்.