அமலி மிஸ் வாசலில் வந்து நின்றால்

சக ஊழியருக்குப் பயந்து சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் நான். அப்போது வயது நாற்பத்தெட்டு. போன வியாழக்கிழமை டில்லி என்கிற எங்கள் பி.டி. மாஸ்டர் போனில், "மாமே, லைப்ரரி அமலி மிஸ் தூக்கத்துலயே பூட்டாங்கப்பா" என்றபோதும் கை தன்னால் பையைத் தடவியது. இந்த லட்சணத்தில் அஞ்சலி எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேக்காட்டில் எங்கள் பள்ளி. அமலி மிஸ் நடந்தால் செருப்புச் சத்தம் கேட்காது. நான் தமிழ்ப் பாடம் நடத்திக்கொண்டே திரும்பினால் வாசலில் நிற்பார். ஒரே ஒரு பெயர் சொல்வார். காத்திருந்ததுபோல அந்தப் பிள்ளை எழுந்து போகும். ரகசியமாகத் தன்னைக் காயப்படுத்திக்கொண்ட பிள்ளை அது என்று எங்களுக்குப் பிறகுதான் தெரியவரும். "அந்தம்மாவுக்குள்ள வேற யாரோ கீறாங்க" என்றான் டில்லி. அதை ஸ்டாஃப் ரூம் முழுக்கப் பரப்பிய புண்ணியம் என்னுடையது.

ஒன்பதாம் வகுப்பு சுகன்யாவின் கையைத் தோழி பார்த்துச் சொல்லிவிட, தலைமையாசிரியை பதறிப்போய், பிரேயரில் எல்லாரும் சட்டைக் கையை மடித்துக் காட்டட்டும் என்றார். மைக்கைப் பிடித்தவன் நான்தான். சுகன்யா இமைக்காமல் என்னையே பார்த்தாள். எங்கிருந்தோ வந்த அமலி மிஸ் மைக் ஒயரைப் பிடுங்கினார்.

"எல்லார் முன்னாடியும் காட்டச் சொன்னா, இன்னும் நல்லா மறைக்கத்தான் கத்துக்குவாங்க சார்."

டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. "புள்ளய அனுப்பிடலாம். அவ வலிய எந்த ஸ்கூல்ல சேப்பீங்க?" என்றார் அமலி மிஸ். டி.சி. புத்தகம் பீரோவுக்குள் போனது.

அன்று லைப்ரரி அலமாரிக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டேன், பழக்கதோஷம். கையைக் காட்டு என்று அவர் சொல்லவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை.

"தண்ணி குடிக்கிறியாம்மா?"

சுகன்யா குடித்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்" என்றாள்.

"சொல்லமாட்டேன்னு பொய் சொல்லமாட்டேன். யார்கிட்ட, எப்பிடின்னு ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணலாம்."

"அம்மாகிட்ட. நீங்களும் கூட வாங்க."

சுகன்யாவின் அம்மா இருந்த குவார்ட்டர்ஸுக்குப் போனார்கள். பிறகு மூன்று பேருமாக ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம். சுகன்யா இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

செய்தி வந்த மறுநாள் மதியம், எட்டாம் வகுப்பு திடீரென்று வாசலைப் பார்த்தது. வாசலில் யாரும் இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் தானாக எழுந்து நின்றாள். என் கை மறுபடி பையைத் தடவியது. "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்விதான்.

நேற்று அவருடைய மேசையைக் காலி செய்தோம். நான் திருத்தி முடித்து லைப்ரரியில் அடுக்கிய கட்டுரை நோட்டுகள் உள்ளே இருந்தன. அவர் பென்சிலால் கோடிட்ட வரிகளில் பிள்ளைகள் தங்கள் வலி எல்லாவற்றையும் எழுதியே இருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிவப்பு மையில் என் கையெழுத்து: "நன்று."